கடைசிக் கணினி வரை

நுழையும்முன்

ஓலைச்சுவடியில் தொடங்கி அச்சுநூலாய் வளர்ந்த கல்வி, இன்று கணினித் திரையிலும் ஒளிர்கிறது. அச்சுநூலை மாணவர் கையில் கொடுத்துவிட்டால் கொடுத்தவரின் பணி நிறைவடைகிறது. கணினியில் நிறுவப்படும் கல்வி மென்பொருளோ கொடுத்த பின்னும் பேணப்பட வேண்டியது. அது பள்ளிக்கு எப்படி வந்து சேர்கிறது? வந்தபின் யார் அதைப் பேணுகிறார்கள்? பேணாவிடில் இழப்பு யாருக்கு? இவ்வினாக்களுக்கு விடை தேடுகிறது இக்கட்டுரை.

நூலும் மென்பொருளும்

ஆண்டுதோறும் கோடை விடுமுறை முடிந்து பள்ளிகள் திறக்கும் நாளில், வகுப்பறைகளில் புதுநூலின் மணம் கமழும். தமிழ்நாடு பாடநூல் மற்றும் கல்வியியல் பணிகள் கழகம் அச்சிட்ட நூல்கள் கட்டுக்கட்டாகச் சரக்குந்துகளில் ஏறி, மாவட்டம்தோறும் பயணம் செய்து பள்ளிகளை அடைகின்றன. சென்னை மாநகரில் பயிலும் மாணவரிடமும் வால்பாறைத் தேயிலைத் தோட்டத்துப் பள்ளியில் பயிலும் மாணவரிடமும் இருப்பது ஒரே நூல். ஐம்பதாம் பக்கத்தைத் திறக்கச் சொன்னால் இருவர் கண்முன்னும் விரிவது ஒரே பாடம். இந்தச் சமன்மையை நாம் இயல்பானதாக எண்ணிக் கடந்துவிடுகிறோம். உண்மையில் அது பல்லாண்டு உழைப்பால் ஈட்டப்பட்ட பெரும்பேறு.

மென்பொருளுக்கு அத்தகைய சமன்மை தானாக வாய்ப்பதில்லை. நூலைப் படிக்கக் கண்ணும் ஒளியும் போதும். மென்பொருள் இயங்க வேண்டுமெனில் அதற்கேற்ற கணினி வேண்டும். அக்கணினியில் அதற்கேற்ற இயங்குதளம் வேண்டும். அந்த இயங்குதளத்தில் அதற்குத் துணைசெய்யும் வேறு பல மென்பொருள்கள் வேண்டும். இவற்றுள் ஒன்று பழையதாகிப் போனாலும் திரையில் பிழைச்செய்தி தோன்றும். இரு பள்ளிகளில் ஒரே பெயர் கொண்ட மென்பொருள் இருக்கலாம். ஆயினும் ஒன்றில் நான்காம் பதிப்பும் மற்றொன்றில் ஐந்தாம் பதிப்பும் இருந்தால் இரு பள்ளிகளின் மாணவர்களும் ஒரே பாடத்தைக் காண்பதாகச் சொல்ல முடியாது.

இதற்கு நல்ல சான்று ஜியோஜீப்ரா என்னும் கணித மென்பொருள். ஆஸ்திரியா நாட்டின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் பயின்ற மார்க்கஸ் ஹோகன்வார்ட்டர் என்பவர் 2001இல் இதனை உருவாக்கத் தொடங்கினார். வடிவியலையும் இயற்கணிதத்தையும் ஒரே திரையில் இணைத்துக் காட்டுவது இதன் சிறப்பு. நம் மாநிலக் கணிதப் பாடநூல்களில் 'இணையச் செயல்பாடு' என்னும் தலைப்பில் இடம்பெறும் பயிற்சிகள் பலவும் இதனைக் கொண்டே அமைந்துள்ளன. 2014இல் வெளிவந்த ஐந்தாம் பதிப்பில்தான் முப்பரிமாண வடிவங்களைச் சுழற்றிப் பார்க்கும் வசதி சேர்ந்தது. கூம்பு ஒன்றைத் தளத்தால் வெட்டினால் வட்டமும் நீள்வட்டமும் பரவளையமும் எவ்வாறு பிறக்கின்றன என்பதை மாணவர் தம் கையால் சுழற்றிக் கண்டறிய அப்பதிப்பு உதவுகிறது. பழைய பதிப்பே தங்கிவிட்ட கணினியின் முன் அமரும் மாணவருக்கு அது கிட்டாது. தமக்குக் கிட்டாமல் போனது இன்னது என்று அறியும் வாய்ப்பும் அவருக்கு இராது.

படியெடுத்தலும் பாடவேறுபாடும்

இச்சிக்கல் தமிழுக்கு முற்றிலும் புதியதன்று. ஓலைச்சுவடி நிலைத்து நிற்பதில்லை. செல்லும் ஈரமும் அதனை அரித்துவிடும். ஆதலால் பழஞ்சுவடியைப் பார்த்துப் புதுச்சுவடியில் படியெடுக்கும் வழக்கம் நம்மிடம் வாழையடி வாழையாக இருந்தது. படியெடுக்கும்போது ஓர் எழுத்து மாறும். ஓர் அடி விடுபடும். ஊருக்கு ஒரு பாடம் உருவாகும். உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தபோது, பல ஊர்களிலிருந்து பெற்ற சுவடிகளை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளை ஆய்ந்தே பதிப்பை அமைத்தார்.

கணினி உலகில் 'பதிப்பு எண்' என்று வழங்குவதும் இத்தகைய வேறுபாட்டை அடையாளம் காட்டும் குறியே. எந்தப் படி எப்போது வந்தது, எதில் எந்தப் பிழை திருத்தப்பட்டது என்பதை அவ்வெண் சொல்லும். நூல் பதிப்பாளருக்குச் சுவடியின் வரலாறு எவ்வளவு இன்றியமையாததோ, மென்பொருளைப் பேணுபவருக்குப் பதிப்பெண் அவ்வளவு இன்றியமையாதது.

பொதியும் களஞ்சியமும்

தொடக்கக் காலத்தில் கல்வி மென்பொருள்கள் குறுவட்டில் வந்தன. குறுவட்டைக் கணினியில் இட்டு நிறுவிக்கொள்ள வேண்டும். புதிய பதிப்பு வெளிவந்தால் புதிய குறுவட்டு வர வேண்டும். குறுவட்டில் கீறல் விழுந்தால் பாடமும் போய்விடும். ஒவ்வொரு மென்பொருளுக்கும் தனித்தனி உரிம எண்ணும் இருந்தது. அதைக் குறித்துவைத்த தாள் தொலைந்துபோனால் விலைகொடுத்து வாங்கிய மென்பொருளும் பயன்படாமற் போகும்.

இந்நிலையை மாற்றியதில் கட்டற்ற மென்பொருள் இயக்கத்துக்குப் பெரும்பங்கு உண்டு. 1983இல் ரிச்சர்டு ஸ்டால்மன் அறிவித்த குனு திட்டமும், 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் வெளியிட்ட லினக்ஸ் கருவும் இணைந்து, எவரும் பயன்படுத்தவும் ஆராயவும் திருத்தவும் பகிரவும் கூடிய இயங்குதளம் ஒன்றை உலகுக்கு அளித்தன. 1993இல் தொடங்கப்பட்ட டெபியன் திட்டம் மென்பொருள்களைப் பொதிகளாகக் கட்டிக் களஞ்சியத்தில் சேர்த்து வைத்தது. 2023இல் வெளிவந்த அதன் பன்னிரண்டாம் பதிப்பின் களஞ்சியத்தில் 60,000க்கும் மேற்பட்ட பொதிகள் இருந்தன.

பொதி என்பது மென்பொருளை மட்டும் கொண்டதன்று. அதன் பெயர், பதிப்பெண், அது இயங்கத் தேவையான பிற பொதிகள் ஆகிய குறிப்புகளும் அதனுள் உண்டு. திருமண வீட்டுக்குச் சமையல் சாமான் வாங்கச் செல்பவரிடம் பட்டியல் ஒன்று இருப்பதுபோல், ஒரு பொதியை வேண்டினால் அதற்குத் தேவையானவற்றையெல்லாம் களஞ்சியத்திலிருந்து கணினியே எடுத்துக்கொள்ளும். புதிய பதிப்பு வந்திருந்தால் அதையும் கண்டறிந்து கொணரும். இம்முறை வந்தபின், நூறு மென்பொருள்களைப் பேணும் பணி ஒற்றைக் கட்டளைக்குள் அடங்கியது.

ஆயினும் ஓர் ஐயம் எழலாம். தொலைவிலிருந்து வரும் பொதி இடையில் எவராலும் மாற்றப்படவில்லை என்பதற்கு உறுதி என்ன? இதற்கு இரு காவல்கள் உள்ளன. முதலாவது, கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சரிபார்ப்புக் குறி. பரவலாக வழங்கும் 'ஷா-256' என்னும் முறையில் இக்குறி 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட வரிசையாக அமையும். கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் வரிசை முழுவதும் மாறிவிடும். இரண்டாவது, வெளியிட்டவரின் மின்னொப்பம். ஓலையை முடைந்து இலச்சினை இட்டு அனுப்பிய பழங்காலத் தூதைப் போன்றது இது. இலச்சினை சிதைந்திருந்தால் ஓலையை நம்பலாகாது. ஒப்பம் பொருந்தாத பொதியைக் கணினியும் ஏற்பதில்லை.

தெரியுமா?

'ஜிகாம்ப்ரி' என்பது சிறுவர்க்கான கல்வி விளையாட்டுகள் பலவற்றைக் கொண்ட கட்டற்ற மென்பொருள். பிரான்சு நாட்டைச் சேர்ந்த புரூனோ குடுவான் என்பவர் 2000இல் இதனைத் தொடங்கினார். பிரெஞ்சு மொழியில் இப்பெயரை ஒலிக்கும்போது 'எனக்குப் புரிந்துவிட்டது' என்னும் பொருள் தரும் தொடர்போலக் கேட்கும். எண்ணறிதல் முதல் சதுரங்கம் வரை பல செயல்பாடுகள் இதில் உண்டு. இணைய இணைப்பு இல்லாமலும் இயங்குவது இதன் தனிச்சிறப்பு.

புதுப்பிக்காமையின் விலை

'நன்றாகத்தானே இயங்குகிறது, இதை ஏன் தொட வேண்டும்?' என்னும் எண்ணம் பள்ளிகளில் இயல்பாகவே எழும். கணினிகள் சில, அவற்றைப் பார்த்துக்கொள்ள ஆள் குறைவு, நேரமோ அதனினும் குறைவு. ஆயின் புதுப்பிக்கப்படாத கணினி, பூட்டப்படாத வீட்டுக்கு ஒப்பானது.

2017 மே 12 அன்று 'வான்னாகிரை' என்னும் நச்சுநிரல் உலகெங்கும் பரவியது. கணினியில் உள்ள கோப்புகளையெல்லாம் மறையாக்கம் செய்து பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டு மிரட்டியது அது. ஏறத்தாழ 150 நாடுகளில் 2 இலட்சத்துக்கும் மேற்பட்ட கணினிகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தில் பொது மருத்துவமனைகள் பல, நோயாளிகளைப் பார்க்க இயலாமல் திருப்பி அனுப்பின. அந்நச்சுநிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு ஏறத்தாழ இரண்டு மாதங்களுக்கு முன்பே, மார்ச்சு 14 அன்றே வெளியிடப்பட்டிருந்தது. மருந்து கண்டறியப்பட்டு வாயிலில் காத்திருந்தது. அதை உரிய நேரத்தில் உட்கொள்ளாத கணினிகளே பெரிதும் வீழ்ந்தன.

மென்பொருளுக்கு ஆயுள் வரம்பும் உண்டு. பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் பரவலாக வழங்கிய விண்டோஸ் எக்ஸ்பி இயங்குதளத்துக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 அன்று நிறுத்தப்பட்டது. விண்டோஸ் 7க்கு 2020 சனவரி 14 அன்றும், விண்டோஸ் 10க்கு 2025 அக்டோபர் 14 அன்றும் பொதுவான ஆதரவு முடிவுற்றது. அந்நாளுக்குப்பின் கணினி நின்றுவிடுவதில்லை, வழக்கம்போல் இயங்கும். புதிய ஓட்டைகள் கண்டறியப்பட்டால் அவற்றை அடைப்பவர்தாம் இருக்கமாட்டார்கள். புதிய இயங்குதளத்துக்குப் பழைய வன்பொருள் போதாமற்போனால், நன்னிலையில் உள்ள கணினியும் கழிவாகும். வசதியுள்ள பள்ளி புதியது வாங்கிக்கொள்ளும். வசதியற்ற பள்ளி என்ன செய்யும் என்பதே கேள்வி. அத்தகைய பழைய கணினிகளிலும் இயங்கக்கூடிய எளிய லினக்ஸ் வழங்கல்கள் இருப்பது அப்பள்ளிகளுக்கு ஆறுதலான செய்தி.

அரங்கேற்றம் என்னும் அறிவு

புதுப்பித்தல் நன்று என்பதால், வந்ததையெல்லாம் வந்த நொடியிலேயே ஏற்பதும் அறிவுடைமை ஆகாது. 2024 சூலை 19 அன்று கணினிப் பாதுகாப்பு மென்பொருள் ஒன்றுக்கு அனுப்பப்பட்ட புதுப்பிப்பில் பிழை இருந்தது. அதனால் உலகெங்கும் ஏறத்தாழ 85 இலட்சம் கணினிகள் நீலத்திரை காட்டி நின்றன. விமானப் பயணங்கள் தடைப்பட்டன. இந்திய விமான நிலையங்கள் சிலவற்றில் பயண அட்டைகளைக் கையால் எழுதிக் கொடுத்தனர். காக்க வந்ததே முடக்கிப்போட்டது.

இவ்விரு நிகழ்வுகளும் எதிரெதிரானவை போலத் தோன்றினும் ஒரே பாடத்தைப் புகட்டுகின்றன. புதுப்பித்தலைத் தள்ளிப்போடலாகாது, சோதிக்காமல் பரப்பவும் ஆகாது. நம் முன்னோர் இதற்கொரு வழி வகுத்திருந்தனர். நூலொன்று இயற்றப்பட்டால் அது சான்றோர் அவையில் அரங்கேற வேண்டும். தொல்காப்பியம் நிலந்தருதிருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டாசான் முன்னிலையில் அரங்கேறியதாக அதன் சிறப்புப்பாயிரம் தெரிவிக்கிறது. குறை கண்டால் அவையிலேயே வினவுவர். நிறை கண்டபின்னரே நூல் உலகுக்குச் செல்லும்.

மென்பொருளுக்கும் இத்தகைய அரங்கேற்றம் வேண்டும். பள்ளியில் இருபது கணினிகள் இருந்தால் முதலில் ஒன்றில் மட்டும் புதிய பதிப்பை நிறுவ வேண்டும். தமிழ் எழுத்துகள் சரியாகத் தெரிகின்றனவா, மாணவர் சேமித்த பழைய கோப்புகள் திறக்கின்றனவா, அச்சுப்பொறி இயங்குகிறதா என்று சில நாள்கள் பார்த்த பின்னரே மற்றவற்றுக்குப் பரப்ப வேண்டும். பழைய பதிப்பின் படியொன்றையும் பாதுகாத்து வைத்தல் வேண்டும். செய்முறைத் தேர்வுக்கு முந்தைய வாரங்களில் அவசரப் பாதுகாப்புத் திருத்தங்களைத் தவிர எதையும் தொடாதிருத்தல் நலம். இதற்காகவே உபுண்டு போன்ற இயங்குதளங்கள் ஈராண்டுக்கு ஒருமுறை நீண்டகால ஆதரவுப் பதிப்புகளை வெளியிட்டு, அவற்றுக்கு ஐந்தாண்டுகள் வரை திருத்தங்களை அளிக்கின்றன. அடிக்கடி மாறும் புதுமையைவிட, நிலைத்து நிற்கும் நம்பகமே வகுப்பறைக்கு ஏற்றது.

இரண்டு முன்னோடிகள்

தனிப்பள்ளியின் ஆர்வம் மட்டும் போதாது. அமைப்பும் துணைநிற்க வேண்டும் என்பதைக் காட்டிய நிலப்பகுதிகள் இரண்டை இங்குக் குறிப்பிடலாம்.

ஸ்பெயின் நாட்டின் மேற்கெல்லையில், போர்ச்சுகலை ஒட்டி எக்ஸ்ட்ரமதுரா என்னும் மாநிலம் உள்ளது. அந்நாட்டின் வளம் குறைந்த பகுதிகளுள் அது ஒன்று. 2002இல் அம்மாநில அரசு டெபியனை அடிப்படையாகக் கொண்டு 'லின்எக்ஸ்' என்னும் தனக்கான இயங்குதளத்தை வெளியிட்டது. உயர்நிலைப் பள்ளிகளில் இரண்டு மாணவருக்கு ஒரு கணினி என்பதை இலக்காக வைத்தது. உரிமத்துக்குச் செலவாகியிருக்க வேண்டிய பணம் கணினிகளாக மாறியது. மென்பொருள்கள் மக்களுக்கு நெருக்கமாக வேண்டும் என்பதற்காக அவற்றுக்கு அம்மண்ணின் பெருமக்கள் பெயர்களைச் சூட்டினர். படம் வரையும் மென்பொருளுக்கு அங்குப் பிறந்த புகழ்பெற்ற ஓவியர் சுர்பரானின் பெயர் வழங்கியது. தம் ஊர்ப் பெயரைத் திரையில் கண்ட மாணவருக்கு, அது எங்கிருந்தோ வந்த பொருளாகத் தோன்றியிராது.

நம் அண்டை மாநிலமான கேரளம் 2001இல் 'ஐ.டி. அட் ஸ்கூல்' என்னும் திட்டத்தைத் தொடங்கியது. பின்னர் பள்ளிகளில் கட்டற்ற மென்பொருளையே பயன்படுத்துவது என்று முடிவெடுத்தது. தன் பாடத்திட்டத்துக்கு வேண்டிய மென்பொருள்களையெல்லாம் சேர்த்து இயங்குதளம் ஒன்றைத் தானே வடிவமைத்து, பள்ளிகளுக்கு வழங்கி, காலந்தோறும் புதுப்பித்து வருகிறது. 2005இல் எஜுசாட் செயற்கைக்கோள் வழியே இயங்கிய 'விக்டர்ஸ்' கல்வித் தொலைக்காட்சியை அன்றைய குடியரசுத் தலைவர் ஆ.ப.ஜெ. அப்துல் கலாம் தொடங்கி வைத்தார். 2017இல் இத்திட்டம் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாக வளர்ந்தது. 2018இல் 'லிட்டில் கைட்ஸ்' என்னும் மாணவர் அமைப்பும் பள்ளிகளில் உருவானது. கணினிகளைப் பேணும் அறிவு ஆசிரியரோடு நின்றுவிடாமல் மாணவரையும் சென்றடைய இவ்வமைப்பு வழிவகுத்தது. மென்பொருளை வழங்கியதோடு, அதைப் பேணும் மனிதரையும் உருவாக்கியதே கேரளத்தின் வெற்றிக்குக் காரணம் எனலாம்.

தமிழ் நிலத்தில்

தமிழ்நாடும் இவ்வழியில் பல படிகள் ஏறியுள்ளது. 1999இல் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டையொட்டித் 'தமிழ்99' விசைப்பலகை தரப்படுத்தப்பட்டது. 2010இல் ஒருங்குறி முறை அரசின் ஏற்பைப் பெற்றது. இதன் அருமையை அறிய, அதற்கு முந்தைய நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். ஒரு பள்ளியில் ஓர் எழுத்துருவைக் கொண்டு தட்டச்சு செய்த வினாத்தாளை மற்றொரு பள்ளியில் திறந்தால், அவ்வெழுத்துரு அங்கு இல்லாத நிலையில் திரை முழுவதும் பொருளற்ற குறிகளே நிறைந்திருக்கும். எழுத்துக்கு ஒரே குறியேற்றம் வாய்த்த பின்னரே தமிழ்க் கோப்புகள் தடையின்றிப் பயணம் செய்யத் தொடங்கின.

2007இல் மைய அரசின் சி-டாக் நிறுவனம் 'பாஸ்' என்னும் இந்திய இயங்குதளத்தை வெளியிட்டது. இந்திய மொழிகளுக்கு ஆதரவு அளிக்கும் இதன் உருவாக்கத்தில் அந்நிறுவனத்தின் சென்னை மையம் முதன்மைப் பங்கு வகித்தது. பள்ளிகளுக்கென 'எஜுபாஸ்' என்னும் பதிப்பும் வெளிவந்தது. 2011இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், வீட்டில் கணினியே கண்டிராத மாணவர் பலரின் மடியில் கணினியைக் கொணர்ந்து வைத்தது. பள்ளிகளில் உயர் தொழில்நுட்ப ஆய்வகங்கள் அமைந்தன.

வழங்குதல் என்னும் பெரும்பணியில் நாம் முன்னோக்கி நடந்திருக்கிறோம். வழங்கியதைப் பேணுதல் என்பது அதற்கடுத்த படி. அப்படியில் ஏறுவது திறப்பு விழாவைப் போலக் கண்ணுக்குத் தெரியும் செயலன்று. ஓசையின்றி நாள்தோறும் நிகழ வேண்டியது அது.

கடைசிப் பள்ளியின் ஆசிரியை

மலைமேல் அமைந்த அரசுப் பள்ளி ஒன்றையும், அங்குப் பணியாற்றும் கணித ஆசிரியை ஒருவரையும் மனக்கண்முன் நிறுத்துவோம். கணினிக்கென ஆசிரியர் இல்லாததால் அப்பொறுப்பும் அவரிடமே உள்ளது. மழை பெய்தால் இணையம் அறுந்துபோகும். வெயிலடித்தாலும் ஊர்ந்தே வரும். பாடநூலில் உள்ள விரைவுக் குறியீட்டைச் செல்பேசியில் காட்டினால் வட்டம் சுழலும், பாடம் தோன்றாது.

ஒருநாள் மாணவி ஒருத்தி கேட்கிறாள்: "டீச்சர், கீழ்நாட்டுப் பள்ளியில் படிக்கும் என் அத்தை மகள், கூம்பைத் திரையிலேயே வெட்டிப் பார்த்தாளாம். நம் கணினியில் ஏன் டீச்சர் அது வரவில்லை?"

'நம் ஊரில் அவ்வளவுதான் அம்மா' என்று சொல்லிவிடுவது எளிது. அப்படிச் சொல்லக் கேட்டு வளரும் பிள்ளை, குறை கணினியில் இருப்பதாக எண்ணாது. தன் ஊரிலும் தன்னிலும் இருப்பதாக எண்ணத் தொடங்கும். ஆசிரியை அவ்விடையைச் சொல்லவில்லை. "இரண்டு வாரம் பொறு" என்கிறார்.

அந்தச் சனிக்கிழமை பேருந்தேறி மலையிறங்குகிறார். வட்டார வள மையத்தில் இணையம் நன்றாக உள்ளது. இணையமின்றியும் இயங்கும் பதிப்பைத் தரவிறக்கிப் பென் டிரைவில் சேர்க்கிறார். சரிபார்ப்புக் குறியை ஒப்பிட்டுப் பார்க்கிறார். திங்களன்று ஒரே ஒரு கணினியில் நிறுவுகிறார். முப்பரிமாணத் திரை திறக்கிறது; ஆயின் தமிழ்த் தட்டச்சு ஓரிடத்தில் சிதைகிறது. பொறுமையாகக் காரணத்தைத் தேடுகிறார். பழைய எழுத்துரு ஒன்றை நீக்கி ஒருங்குறி எழுத்துருவை இட்டதும் சீராகிறது. ஒரு வாரம் பார்த்தபின், மாணவர் நால்வரைத் துணைக்கு அழைத்து எஞ்சிய கணினிகளிலும் நிறுவுகிறார். இணையம் வேண்டாம், ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்குப் பள்ளிக்குள்ளேயே வடம்வழிக் கோப்புகள் செல்கின்றன.

அறை மூலையில் பதிவேடு ஒன்று தொங்குகிறது. கணினியின் எண், இயங்குதளம், நிறுவிய மென்பொருள், பதிப்பெண், புதுப்பித்த நாள், செய்தவர் பெயர் எனக் கட்டங்கள் வரையப்பட்டுள்ளன. 'செய்தவர்' என்னும் கட்டத்தில் மாணவர் தம் பெயரை எழுதுகின்றனர். ஆசிரியை பணிமாறுதல் பெற்றுச் சென்றாலும் அப்பதிவேடு பள்ளியில் இருக்கும். அடுத்து வருபவர் அதைப் பார்த்துப் பணியைத் தொடர்வார். பள்ளிகள் பலவற்றில் கணினிகள் முடங்குவதற்குப் பழுது மட்டும் காரணமன்று. கடவுச்சொல்லை அறிந்த ஒருவர் மாறிச் சென்றதும், எங்கே என்ன இருக்கிறது என்பதை எவரும் எழுதிவைக்காததும் பெருங்காரணங்கள். ஒரு குயர் நோட்டு அக்குறையைத் தீர்த்துவிடும்.

இத்தகைய முயற்சி உலகின் பிற பகுதிகளிலும் நிகழ்ந்துள்ளது. 2012இல் அமெரிக்காவின் சான்டியேகோ நகரிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக மாணவர்கள், கான் அகாதெமியின் காணொளிப் பாடங்களை இணையமற்ற பள்ளிகளுக்குக் கொண்டுசெல்லும் மென்பொருளை உருவாக்கினர். அதன் வளர்ச்சியே இன்று 'கொலிப்ரி' என வழங்குகிறது. இணைப்புள்ள இடத்தில் ஒருமுறை பாடங்களைச் சேர்த்துக்கொண்டால், பென் டிரைவ் வழியாகவோ பள்ளியின் உள்வலை வழியாகவோ ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு அவற்றைக் கடத்தலாம். ஆற்றுநீர் வாய்க்கால்வழி வயலுக்கு வருவதுபோல, கிடைக்குமிடத்தில் பெற்றுத் தேவைப்படும் இடத்துக்குப் பாய்ச்சும் ஏற்பாடு இது.

பேணுதலே கொடை

ஏரியை வெட்டியவர் பெயரைக் கல்வெட்டில் காண்கிறோம். அவ்வேரி நூற்றாண்டுகள் நிலைத்ததற்கோ, ஆண்டுதோறும் தூர்வாரியவர்களும் மடையைக் காத்தவர்களும் காரணம். உத்திரமேரூர்க் கல்வெட்டு ஏரி வாரியம் என்னும் அமைப்பையே குறிப்பிடுகிறது. ஏரியை அமைப்பதோடு பணி முடிந்ததாக அக்காலச் சபை கருதவில்லை. அதைப் பேண ஆண்டுதோறும் உறுப்பினரைத் தேர்ந்தெடுத்தது.

கணினிக் கல்விக்கும் அத்தகைய வாரியங்கள் வேண்டும். பள்ளிதோறும் மாணவர் குழு, வட்டாரந்தோறும் மென்பொருள் களஞ்சியம், பழுது நேர்ந்தால் அழைக்க ஒருவர், புதுப்பித்ததை எழுதிவைக்க ஒரு பதிவேடு ஆகிய நான்கும் அமைந்துவிட்டால் போதும். கணினித் துறையில் ஒரு புதுப்பிப்பு வெளியான நாளைக் குறித்துவைப்பர். கல்வித் துறை குறித்துவைக்க வேண்டிய நாள் வேறொன்று. அப்புதுப்பிப்பு கடைசிப் பள்ளியின் கடைசிக் கணினியைச் சென்றடைந்த நாளே அது. இவ்விரு நாள்களுக்கும் இடையே உள்ள தொலைவு குறையக் குறைய, ஒரே பாடநூலால் நாம் பெற்ற சமன்மை திரையிலும் கைகூடும்.

கற்பவை கற்றபின்...

1. உங்கள் பள்ளிக் கணினிகளில் உள்ள கல்வி மென்பொருள்களின் பெயர், பதிப்பெண், புதுப்பித்த நாள் ஆகியவற்றைத் தொகுத்துப் பதிவேடு ஒன்றை உருவாக்குக.

2. 'வழங்குதல் எளிது, பேணுதலே அரிது' என்னும் தலைப்பில், உங்கள் ஊரின் பொதுச்சொத்து ஒன்றைச் சான்றாகக் கொண்டு ஒரு பக்க அளவில் கட்டுரை எழுதுக.

3. சுவடியைப் படியெடுத்தலையும் மென்பொருளைப் புதுப்பித்தலையும் ஒப்பிட்டு வகுப்பறையில் கலந்துரையாடுக.